நான் நிரப்பிய இடம்

மற்றவர்கள் போட்ட மெட்டை எடுத்து, இது வயலினுக்கு, இது புல்லாங்குழலுக்கு என்று பிரித்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அரேஞ்சர் என்பார்கள். சென்னையில் சீரியல்களுக்கும் விளம்பரங்களுக்கும் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். திரையில் என் பெயர் வருகிற நேரத்துக்குச் சரியாகச் சோப்பு விளம்பரம் வந்துவிடும். அதனாலோ என்னவோ எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எழுதிய எதைக் கொடுத்தாலும் அதில் என் கைவரிசையைக் கொஞ்சம் காட்டியாக வேண்டும். ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் அடைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

போன வருடம் ஒருநாள் ஒரு இசையமைப்பாளர் போன் செய்தார். வயதானவர். ஒரு காலத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த வீட்டு டிவியைப் போட்டாலும் அவருடைய மெட்டுதான் கேட்கும். அவருக்கும் ஆரணிதான் ஊர், எனக்கும் ஆரணிதான். ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில் பிறந்தவர் அவர். நான் ஊருக்குள், பட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். ஸ்டூடியோக்களில் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆரணியில் அவருக்குப் பாராட்டு விழா நடத்துகிறார்களாம். பழைய சீரியல் பாட்டுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"பதினெட்டு வயசுல எங்க காலனி பேண்டு செட்டுக்கு நாலு உருப்படி எழுதினேம்மா. கிளாரினெட்டு, டிரம்பெட்டு, யூஃபோனியம், டிரம்முன்னு எட்டு பேரு. நடந்துகினே ஊதினது. அத ஒரு தரம் சேர்ல உக்காந்து வாசிக்கணும், ஊரும் உக்காந்து கேக்கணும். அவ்ளோதான் ஆசை. வயலின் எல்லாம் வச்சி சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தித் தரீங்களா?"

தருகிறேன் என்றேன். அப்புறம் அவர் கேட்டார்:

"ஆரணில எந்தத் தெருவு நீங்க?"

சொன்னேன். எங்கள் தெருக்காரர்கள் தெருப் பெயரைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் நிமிர்வு வந்துவிடும். எனக்கும் வந்திருக்கும்.

"அப்படியா. அப்ப நீங்களே பண்ணுங்க. அதுதான் சரி" என்றார்.

என் திறமைக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்று அதை எடுத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஒவ்வொருவரும் ஊதிய பகுதியைத் தனித்தனித் தாளில் எழுதி வைத்திருந்தார். அவற்றைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். வேலூரில் போலீஸ் பேண்டு பயிற்சி செய்வதை வேலிக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டுத் தானாகவே எழுதக் கற்றுக்கொண்டவர். அதனால் பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தது. யூஃபோனியம்காரருக்கு மூச்சு விடவே இடமில்லை. முதல் கிளாரினெட் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தைத் தொடவே தொடாது, பள்ளத்தைக் கண்ட சைக்கிள் மாதிரி வளைந்து போய்விடும். போன் செய்து கேட்டேன்.

சிரித்தார். "அந்தக் கிளாரினெட்ல ஒரு கீ ஒடஞ்சிட்டு இருந்திச்சி. பழசா வாங்கினது. ரைஸ் மில்லு ஷெட்டுலதான் ப்ராக்டிஸு, தவுடு வேற போயி அடைச்சிக்கும். நீங்க போட்டுக்குங்க அந்த ஸ்வரத்த. இருந்திருந்தா நானே போட்டிருப்பேன்."

போட்டேன். அந்த ஸ்வரம் வந்ததும் மெட்டுக்கே முகம் தெளிந்தது. யூஃபோனியத்தின் பாரத்தை வயலின் குடும்பத்துச் செல்லோவுக்கு மாற்றினேன். அனுப்பிய மாதிரிகளை எல்லாம் கேட்டுவிட்டு, சரி, சரி என்றார். பெரிய மனிதர், முரண்டு பிடிக்காதவர் என்று எனக்கு அவரிடம் பிரியமே வந்துவிட்டது.

நாலாவது உருப்படி கல்யாண ஊர்வலத்துக்கானது. நல்ல துள்ளலான நடை. அதன் நடுவில்தான் அந்த ஓட்டை இருந்தது. பாட்டைத் தாளத்தின் ஒவ்வொரு சுற்றாகக் கட்டம் போட்டுப் பிரிப்போம், ஒரு கட்டத்தைப் பார் என்போம். அங்கே பதினாறு பாருக்கு யாருக்குமே வேலையில்லை. கிளாரினெட் சும்மா, டிரம்பெட் சும்மா, டிரம்முகூடச் சும்மா. எட்டுத் தாள்களிலும் அதே வெறுமை. அது முடிந்து பாட்டு மறுபடி தொடங்கும்போது வரியின் தலையிலிருந்து தொடங்கவில்லை. பாதி வரியில், யாரோ பேசிக்கொண்டிருக்கும் அறைக் கதவைத் திறந்தது மாதிரி திடீரென்று கேட்டது.

ஊர்வலத்துக்கு எழுதிய பாட்டில் டிரம் எதற்காக நிற்க வேண்டும்? ஒடிந்த கீயைப் பற்றிக் கேட்டவள் இதையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவரே எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவார் என்று பயம். சின்னப் பையன், இரண்டு பகுதிகளை இணைக்கத் தெரியாமல் விட்டிருக்கிறான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, அந்த இடத்தை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். செல்லோ தனியாக, முணுமுணுப்பது போல மெட்டை எடுக்கும். வயலின்கள் மேலே பட்டும் படாமலும் வந்து சேரும். பதினாறாவது பாரில் எல்லாம் சேர்ந்து, அந்தப் பாதி வரியில் மிகச் சரியாகப் போய் இறங்கும். அதைவிட நல்லதாக நான் எதையும் எழுதியதில்லை. ஹெட்போனில் கேட்டு நானே அழுதேன், அந்த அளவுக்கு என் மேல் எனக்கு மயக்கம். இந்த ஒன்றை மட்டும் அவருக்கு முன்கூட்டி அனுப்பவில்லை. நேரில் கேட்டு அசந்து போகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஊரில் என் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாக் குழுவில் அவர் இருந்தார். பொன்னாடை எங்கள் கடையிலிருந்துதான் போகிறது, அதைப் போர்த்துவதும் அவர்தான். அழைப்பிதழில் இசையமைப்பாளரின் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம். அப்பா நல்லவர். யாரையும் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை. கடையில் வேலை செய்பவர்களுக்கு வீட்டில் ஒன்று என்றால் முதலில் போய் நிற்பார். இதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

விழா அன்று காலையில் கல்யாண மண்டபத்தில் ஒத்திகை வைத்தோம். வாசிப்பவர்கள் சென்னையிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். முன்னால் நின்று கையசைத்து நடத்துவது நான்தான். பின்னால் சமையல்கட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இசையமைப்பாளர் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அப்பாவும் பொன்னாடைப் பையும் பிளாஸ்க் காபியுமாக வந்து சேர்ந்தார்.

முதல் மூன்றையும் வாசித்தோம். ஒரு இடத்தில் வேகம் போதாது என்றார், திருத்திக்கொண்டோம். பிறகு நாலாவது. என்னுடைய பதினாறு பார் வந்தது. செல்லோக்காரர் உருகிவிட்டார். முடிந்ததும் வயலின்காரர்கள் என்னைப் பாராட்டி வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அப்பா கைதட்டினார். நான் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அசந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா பிளாஸ்க்கோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என் கல்யாணத்துக்கே உங்க செட்டுதாங்க ஊதிச்சி. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க. உங்க வாசல்லயே நின்னுகினு ஒரு மணி நேரம் ஊதினோம். பின்பக்கம் பந்தி போட்டீங்க. நல்ல சாப்பாடு."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். காபியை ஊற்றிக் கொடுத்தார். "ஒண்ணு சொல்லணும்ங்க. உங்க பக்கத்துக் கல்யாணம் எங்க தெருவு வழியாதானே போவும். முனைக்கு வந்ததும் நீங்களா நிறுத்திடுவீங்க. யாரும் வந்து சொல்லணும்னு இல்ல. தெருவு தாண்டினதும்தான் மறுபடி ஊதுவீங்க. பாவு அறுந்துடப் போவுதேன்னு அவ்ளோ அக்கறை. இந்தக் காலத்துல எவனுக்கு வரும் அந்த மரியாதை?"

பாவு என்பது தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிற பட்டு இழைகள். எங்கள் தெருவில் அதைத் தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். டிரம் அடித்தால் அதிர்ச்சியில் இழை அறுந்துவிடும், அதனால்தான் காலனிக் கல்யாணங்கள் எங்கள் தெருவில் சத்தமில்லாமல் போகும் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கூடப் படித்தவர்களுக்கு நானும் அதைச் சொல்லியிருக்கிறேன், ஏதோ விஞ்ஞானம் போல.

இசையமைப்பாளர் காபியை ஒரு வாய் குடித்தார்.

"பாவு காலைலதானேங்க போடுவீங்க. வெயில் ஏறினா சுருட்டிடுவீங்க. எங்க ஊர்வலம் சாயங்காலம்."

அப்பா சிரித்தார். "அது சரிதான். இருந்தாலும்..." என்று இழுத்தார். அதற்குள் யாரோ நாற்காலி வந்துவிட்டது என்று கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

நான் மேடை விளிம்பிலேயே நின்றேன். பாட்டு நின்ற இடமும் மறுபடி எடுத்த இடமும் ஒன்றாக மனதில் ஓடின. கல்யாண ஊர்வல நடையில் எங்கள் தெருவைக் கடக்க ஆகும் நேரம் அது. இறங்கி அவரிடம் போனேன்.

"சார், அந்தப் பதினாறு பார்..."

"மொதல்ல எல்லாம் பாட்டு ஓடிகினு இருக்கறப்பவே நிறுத்துவாங்கம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். "முனைல ஒரு ஆளு வந்து கைய நீட்டுவாரு. பாதில தொங்கும் பாட்டு. மாப்பிள்ள தலைய குனிஞ்சிக்குவான், பாக்க சகிக்காது. அதான் நானே எழுதிட்டேன். எவனும் கைய நீட்டறதுக்குள்ள நாங்களே நிறுத்திடுவோம். மனசுக்குள்ள பாடிகினே நடப்போம். தெருவு தாண்டினதும் பாட்டு அப்ப எங்க வந்திருக்குமோ அங்கருந்து எடுப்போம், எட்டு பேரும் ஒண்ணா. ஒருத்தன் தவறினது கெடையாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் நிமிர்ந்தது. நான் தெருப் பெயர் சொன்னபோது வந்த நிமிர்வு மாதிரி இல்லை அது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எழுதினவளுக்கு எழுதினதை விட மனசு வருமா? "இருக்கட்டுமே சார். இப்பவாவது எங்க தெருவுல உங்க பாட்டு நிக்காம போற மாதிரி இருக்கட்டுமே" என்றேன். பரிகாரம் மாதிரி சொன்னேன். என் பதினாறு பாரைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

"வேணாம்மா. அன்னிக்கு ஊதல. ஊதின மாதிரி காட்டாதீங்க" என்றார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அழகா இருக்குது. அதான் பேஜாரு."

"தெரு தெரிஞ்சும் ஏன் சார் என்கிட்ட குடுத்தீங்க?"

அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "தெருவு தெரிஞ்சதாலதான். வேற யாருன்னா அத ஓட்டைன்னு நெனச்சி அடைச்சிடுவாங்க. அந்தத் தெருக்காரங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன்."

அவர் என்னைச் சோதித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பியிருக்கிறார். அவமானத்தில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அவர் காலடியில் இருந்த பிளாஸ்க் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி மேடைக்குப் போய், அந்தப் பதினாறு பாரையும் அடித்துவிடச் சொன்னேன். "மேடம், இருக்கறதுலயே பெஸ்ட் அதுதானே?" என்றார் செல்லோக்காரர். "சார் வேணாம்னுட்டார்" என்றேன். காரணத்தைச் சொல்லத் துணிச்சல் இல்லை. பழியை அவர் தலையில் போட்டுவிட்டு மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் தெருவே முன்வரிசைகளில் பட்டுச் சரசரப்போடு உட்கார்ந்திருந்தது. காலனியிலிருந்து வந்தவர்கள் பின்னால் இருந்தார்கள். நாற்காலி எல்லாம் ஒரே மாதிரிதான், யாரும் யாரையும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவரை மேடையிலேயே ஓரமாக ஒரு பெரிய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் மூன்றுக்கும் நல்ல கைதட்டல். நாலாவதைத் தொடங்கினேன். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள்.

வெறும் பாருக்கும் நான் கையை அசைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்து எடுக்க முடியாது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. பின்னால் இலை போடும் சத்தம் கேட்டது. நாலைந்து பார் போவதற்குள் முன்வரிசையில் சலசலப்பு. என்ன ஆச்சு, நின்னுடுச்சா என்று யாரோ கேட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். இந்த மௌனம் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

அப்போது ஒற்றைக் கைதட்டல் கேட்டது. அது அப்பாவின் கை. அந்தக் கைதட்டலை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். மகள் எங்கேயோ தடுமாறி நிற்கிறாள், அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று தட்டுகிறார். உடனே முன்வரிசை முழுதும் தட்டியது. பிறகு மண்டபமே தட்டியது. நான் திரும்ப முடியாமல், கையை நிறுத்தவும் முடியாமல், அழுதுகொண்டே எண்ணினேன். ஓரத்து நாற்காலியில் அவருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. ஷூ நுனி தரையில் நடந்துகொண்டிருந்தது. பதினாறு முடிந்ததும் கைதட்டலுக்குள்ளேயே பாதி வரியில் பாட்டு எழுந்தது, எல்லாரும் ஒன்றாக. தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

பொன்னாடை போர்த்தும்போது அவர் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அந்த எடத்துல எங்களுக்கு யாரும் கை தட்டினது இல்லீங்க." அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வீடு வரும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அப்பாவே ஆரம்பித்தார். "நடுவுல ஏம்மா நின்னு போச்சி? நல்ல வேளை நான் தட்டினேன். இல்லன்னா அசிங்கமா போயிருக்கும்."

"நின்னு போகலப்பா. அது நம்ம தெரு" என்றேன். பிறகு இசையமைப்பாளர் சொன்னதை எல்லாம் சொன்னேன். முனையில் நீட்டிய கை, குனிந்த மாப்பிள்ளை, மனதுக்குள் பாடிக்கொண்டு நடந்த எட்டுப் பேர். அப்பா இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் யாரையும் கைய நீட்டி நிறுத்தினதில்லம்மா."

"தெரியும்பா."

"பாவு போட்டிருப்பாங்க. அது அறுந்துட்டா..."

எங்கள் வாசலில் அப்போது நிஜமாகவே பாவு போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அபூர்வம், அன்றைக்கு இருந்தது. அரக்கு நிற இழைகள் தெருவின் ஒரு ஓரமாக வெயிலில் நீண்டு கிடந்தன. அந்த நேரம் பார்த்து வெங்காய லோடு ஆட்டோ ஒன்று ஸ்பீக்கரை அலறவிட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, இரண்டு பேருக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதே அலறலோடு போனது. பாவுக்காரர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு இழைகூட அறவில்லை.

அப்பாவும் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ முனை திரும்பும்வரை பார்த்தார். தட்டில் கை கழுவினார். இட்லி பாதி அப்படியே இருந்தது.

"பட்டு வியாபாரிம்மா நான்" என்றார், மெதுவாக. "டிரம்முக்கு இழை அறாதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஒலியே பிழைப்பாக இருக்கிறவள் நான். எந்த அதிர்வு எதை அறுக்கும், எதை அறுக்காது என்று எனக்கு மட்டும் தெரியாதா? அந்த வெற்றிடத்தைப் பற்றி இசையமைப்பாளரிடம் கேட்காமல் விட்டதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணத்தை, அவரே எழுதிக் கொடுத்துவிடுவார் என்ற பயத்தை, நினைத்தேன். அது மட்டும்தான் காரணமா என்று இப்போது என்னால் சத்தியம் பண்ண முடியாது. தெருக்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர் நம்பினார். தப்பாக நம்பவில்லை. எங்களுக்குத் தெரியும்.